பிறை வடிவப் பண்டமும் அண்டை வீட்டுத் தட்டும்



ஹங்கேரி நாட்டில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு அக்ரூட் பருப்பு அரைபடும். அந்தப் பருப்பையும் சர்க்கரையையும் பொதிந்து, பிறை வடிவில் வளைத்துச் சுட்டு, வெண்சர்க்கரைப் பொடியில் புரட்டி எடுக்கும் சிறு பண்டத்துக்கு ‘ஹோகிஃப்லி’ என்று பெயர். ‘ஹோ’ என்றால் பனி. பணியின் பொருட்டுப் புடாபெஸ்ட் நகரில் குடியிருக்கும் எங்கள் குடும்பம் இப்போது அதை வீட்டிலேயே செய்கிறது. அந்நிலைக்கு வருவதற்குள் இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது.

முதலாவது ஒரு கதை. 1683இல் வியன்னா முற்றுகையில் உதுமானியப் படை தோற்றபோது, துருக்கியரின் பிறையை ஏளனம் செய்யவே ரொட்டிக்காரர்கள் இவ்வடிவத்தை உண்டாக்கினர் என்று பலரும் சொல்வர். சிலர் அதையே 1686இல் புடா நகரம் உதுமானியரிடமிருந்து கைமாறிய நிகழ்வோடு இணைப்பர். பள்ளியில் இதைக் கேட்டு வந்த எங்கள் பிள்ளைகள், “நம்மைக் கேலி செய்யும் பண்டத்தையா நாம் உண்பது?” என வினவினர். நியாயமான கேள்விதான். ஆனால் இப்பண்டத்தின் மூதாதையான ‘கிப்ஃபெல்’ 13ஆம் நூற்றாண்டிலேயே வியன்னாவில் அறியப்பட்டிருந்தது. அதாவது முற்றுகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. காதில் விழுந்த செய்தியை விசாரியாமல் நம்புவது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியன்று என்பதைப் பிள்ளைகள் ஒரு பலகாரத்தின் வழியே விளங்கிக்கொண்டனர்.

இரண்டாவது தடை மாவுக்குள் இருந்தது. எங்கள் மாடியில் தனித்து வாழும் முதிய பெண்மணி ஒருவர் உண்டு. இந்நாட்டு வழக்கப்படி அவரை ‘நேனி’ என்று மரியாதையாக அழைக்கிறோம். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் அவர் ஒரு தட்டு நிறைய ஹோகிஃப்லி கொண்டுவந்து நீட்டினார். கேட்டறிந்தபோது, பழைய முறைப்படி அதில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருந்தது. சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, கதவை அடைத்தபின் குப்பையில் போட்டுவிடலாம். அவ்வாறு செய்வோரை அறிவோம். ஆயினும் அன்போடு தந்தவரை ஏமாற்றுவது எங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளும் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். ஆகவே காரணத்தைச் சொல்லி, நன்றி கூறி, தட்டை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தோம். அவர் முகம் வாடியது. ஒன்றும் பேசாமல் சென்றுவிட்டார்.

அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை எண்ணி அன்றிரவு கலங்கினோம். மறுநாள் அவரே கதவைத் தட்டினார். ஒரு கையில் அவருடைய தாயாரின் சமையல் ஏடு; மறு கையில் மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் இரும்பு அரைவைக் கருவி. “அப்படியானால் நீங்கள் எதைச் சேர்ப்பீர்கள்?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. தம் சிறு வயதில் கிராமத்து வீட்டில் குளிர்காலந்தோறும் பன்றி அறுப்பர் என்றும், கைவசம் இருந்தது அந்தக் கொழுப்பே ஆதலால் அதைச் சேர்த்தனர் என்றும் விளக்கினார். பண்டத்தின் உயிர் அக்ரூட்டில்தான் இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு.

அன்று அவரோடு அமர்ந்து செய்த முறையையே இன்றும் பின்பற்றுகிறோம். அரைக் கிலோ மைதாவில் 250 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, இரண்டு முட்டைகளின் மஞ்சள் கரு, 200 கிராம் புளித்த பாலேடு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைய வேண்டும். வெண்ணெயில் நீர் உண்டு. கைச்சூட்டில் விரைவில் இளகவும் செய்யும். ஆதலால் மாவை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. பூரணத்துக்கு 250 கிராம் அக்ரூட் பொடி, 150 கிராம் சர்க்கரைப் பொடி, துருவிய எலுமிச்சைத் தோல், நுரைக்க அடித்த வெள்ளைக் கரு. மாவை மெல்லியதாகத் தேய்த்து, 6 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, பூரணம் வைத்து மூலையிலிருந்து சுருட்டி வளைக்க வேண்டும். 180 டிகிரிச் சூட்டில் ஏறத்தாழ 15 நிமிடம் போதும்; நிறம் சிவக்கலாகாது. இளஞ்சூட்டில் வனிலா மணமிட்ட சர்க்கரைப் பொடியில் புரட்டினால் பெயருக்கேற்ற பனி படியும்.

பூரணத்தில் ரம் ஊற்றும் வழக்கமும் இங்குண்டு; திரவ வனிலாச் சாறு பெரும்பாலும் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கப்படுவது. எனவே கடையில் வாங்குவோர் கொழுப்போடு இவ்விரண்டையும் விசாரித்தல் அவசியம்.

நேனி இப்போது ஆண்டுதோறும் எங்கள் அடுக்களைக்கு வந்து பருப்பு அரைத்துத் தருகிறார். அவருடைய பழைய ஏட்டில், கொழுப்பு என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ‘அண்டை வீட்டாருக்கு வெண்ணெய்’ என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். பிற நாடுகளில் வாழும் சகோதர சகோதரிகளே, ஹலால் அல்லாததை மறுக்க நேரும்போது காரணத்தை மறைக்காதீர்கள். காரணம் தெரிந்தால்தான், விரும்புகிறவர் வேறு வழி தேட இயலும்.