மேஜர் சரவணன்: உடலுக்காகக் காத்திருந்த வீடு

கார்கில் போர் என்றதும் நம்மில் எத்தனை பேருக்கு மேஜர் மாரியப்பன் சரவணன் ஞாபகம் வருகிறார்? 1972-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர், திருச்சியில் படித்தவர். அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர்தான்.

1999 மே 29. லடாக்கின் படாலிக் பகுதியில், 14,000 அடிக்கு மேல், பீகார் ரெஜிமெண்ட் வீரர்களோடு மலையேறினார். ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்கு குழியைத் தாக்கினார். காயம்பட்டும் பின்வாங்கவில்லை. அங்கேயே உயிர் போனது. வயது 26.

வீட்டுக்குச் செய்தி வந்தது, உடல் வரவில்லை. உச்சியில் எதிரிகள் இருந்ததால் எடுக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாகி, ஜூலையில்தான் மீட்டார்கள்.

பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள். திருச்சியில் நினைவிடமும் எழுப்பினார்கள். ஜூலை 26-ல் வெற்றியைக் கொண்டாடுகிறோம். மகன் முகத்தைக் கடைசியாய்ப் பார்க்க ஒரு தாய் காத்திருந்த நாட்களையும் அன்று கொஞ்சம் நினைப்போமே!