ஓய்வெடுக்கும் மல்லிகை

மழையும் பனியும் கூடும் கார்த்திகையில், நம் வேலூர் முற்றங்களில் மல்லிகைக் கொடி பூவொழிந்து, இலை மங்கி நிற்கும். பட்டுவிட்டதென்று சிலர் பிடுங்கிவிடுகின்றனர். சிலரோ இரக்கமுற்று நாள்தோறும் குடம் குடமாய் நீர் வார்க்கின்றனர். உதகையில் உறைபனிக்கு அஞ்சிச் செடிகளைப் போர்த்திக் காப்பர். இங்கு உறைபனி இல்லை. வேரில் தேங்கும் நீரே கொடியைக் கொல்லும்.

அன்பர்களே, தண்டை நகத்தால் சற்றே கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிருண்டு. கொடி ஓய்கின்றது, அவ்வளவே. நவம்பர் இறுதியில், திருவருகைக் காலம் தொடங்கும் வேளையில், தரையினின்று 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்துச் செய்யுங்கள். தொழுவுரமிட்டு, மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். முல்லைக்குச் சனவரி இறுதியே ஏற்ற காலம். பொறுத்திருப்போர் வீட்டு மல்லிகை, உயிர்ப்புப் பெருவிழாவன்று பீடத்தில் மணக்கும்.