33 டிகிரி வரைக்கும் கவலை இல்லை!

முதல் தடவை ஃப்ளைட் ஏறப் போறீங்களா? ஜன்னல் சீட்டோடு பாதி பாட்டில் தண்ணியும் கையில் இருக்கட்டும். ஏன்னு சொல்றேன்.

எனக்கும் அப்பாவுக்கும் அதுதான் முதல் ஃப்ளைட். சென்னை டு கோவை, ஏர்பஸ் ஏ320. ஜன்னல் சீட்டுக்கு நான் போட்ட பிளான் எல்லாம் வேஸ்ட். அப்பா முந்திக்கிட்டார்! ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பல வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். வளைவுன்னா ஜனங்க ஒரு பக்கமா சரிவாங்க என்பது அவருக்கு மனப்பாடம்.

கோவை நெருங்கும்போது விமானம் சாய்ந்து திரும்பியது. ஜன்னல் முழுக்கத் தென்னந்தோப்பு! நான் கைப்பிடியை இறுக்கிக்கிட்டேன். அப்பாவோ கையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"ஏங்கண்ணு, இவ்ளோ சாயுது... தண்ணி ஒரு பக்கமும் ஒதுங்கலியே?"

பஸ் சாயாமல் திரும்பும், அதனால் நம்மை வெளிப்பக்கம் தள்ளும். விமானம் தானே சாய்ந்து திரும்புவதால் அந்த விசை நம்மை சீட்டோடு அமுக்கும். 25 டிகிரி சாய்ந்தால் 60 கிலோ ஆளுக்கு 66 கிலோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஆனா ஒரு சிக்கல். இறக்கையின் தூக்குவிசையும் கூடவே சாயுதே! நேர் மேலே தூக்கும் பங்கு குறையும். சும்மா விட்டால் விமானம் கீழே இறங்கும். பழைய விமானங்களில் பைலட் கண்ட்ரோலைத் தன் பக்கம் இழுத்து மூக்கைத் தூக்கணும். 1988-ல் சேவைக்கு வந்த ஏ320-ல் ஃப்ளை-பை-வயர். பைலட்டின் சைடுஸ்டிக் பேசுவது கம்ப்யூட்டர்களோடு. ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும், 33 டிகிரி வரை மூக்கைத் தூக்குவதை கம்ப்யூட்டரே பார்த்துக்கும். கையை எடுத்தா சாய்வு அப்படியே நிற்கும். 33-ஐத் தாண்டினா, இழுக்கும் வேலை மறுபடி பைலட்டுக்கு. அங்கே கையை எடுத்தா விமானம் தானே 33-க்குத் திரும்பிடும். எவ்வளவு தள்ளினாலும் 67-க்கு மேல் சாய விடாது.

பெருமையா ஒப்பிச்சு முடிச்சேன். அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா?"

பல கோளாறுகள் சேர்ந்து வந்தால் விமானம் 'டைரக்ட் லா'வுக்கு மாறிடும். ஸ்டிக் எவ்வளவு அசையுதோ, அதுக்கேத்த அளவுதான் இறக்கைப் பலகைகளும் அசையும். உதவி கட்! லேசா திரும்பினாலும் பைலட்தான் இழுக்கணும். சொகுசுக்குப் பழகிய கை அதை மறந்திருந்தா ஆபத்து.

"பிரேக் நல்லாருக்குதுன்னு நாங்க மலையில நியூட்ரல் போட்டு எறங்குவமா கண்ணு?"ன்னார் அப்பா.

ஃப்ரெண்ட்ஸ், இதே திருப்பத்துக்கு 'ஒன்று பை காஸ்' ஃபார்முலா எழுதி மார்க் வாங்கினவன் நான். அது எதுக்குன்னு பாட்டிலைப் பார்த்தப்பதான் உறைச்சது. சாஃப்ட்வேர் தரும் விடையை அப்படியே ரெக்கார்டில் எழுதும் நமக்கு, நம்ம 33 டிகிரி எங்கேன்னு தெரியுமா?

ஒரு திருத்தம். ஜன்னல் சீட்டை அப்பாவுக்கே கொடுத்துடுங்க. பாட்டில் மட்டும் உங்க கையில இருக்கட்டும்!