மரை எண்ணிய அப்பா

நேரான ரோட்டில் கார் நேராகத்தான் போகிறது. ஸ்டீயரிங் மட்டும் இடது பக்கம் தலை சாய்த்து நிற்கிறது. கடிகாரத்தின் சின்ன முள் 11.40-க்கு எப்படி நிற்குமோ, அப்படி. எங்கள் பழைய ஆல்ட்டோ ஐந்து மாதம் இப்படித்தான் ஓடியது. அந்த ஐந்து மாதமும் குற்றவாளி நான்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த வாரம். ஆவடியில் அப்பாவைப் பார்த்துவிட்டு, மகளோடு பூந்தமல்லி போய்க்கொண்டிருந்தேன். பருத்திப்பட்டு தாண்டி, சென்னீர்குப்பம் வருவதற்குள் ஒரு பள்ளம். மேலே தண்ணீர் நின்றதால் கண்ணுக்குத் தெரியவில்லை. இடது முன் சக்கரம் 'டம்' என்று இறங்கி ஏறியது. அம்பத்தூருக்குத் திரும்பிப் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். கணவர் மறுநாளே டயரை மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு வந்தார். வண்டி வந்த நாளிலிருந்து இந்தக் கோணல்.

திரும்பக் கொண்டுபோனோம். "பள்ளத்துல விழுந்த வண்டி மேடம், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்றார்கள் கடையில். கணவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெல்ல மெல்ல நான் சாவியைத் தொடுவதையே விட்டுவிட்டேன். மகளின் டியூஷனுக்கு ஷேர் ஆட்டோ.

பக்கத்துத் தெரு மெக்கானிக் பையன் ஒரு வழி சொன்னான். "ஸ்டீயரிங்கைக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டிடலாம்க்கா, பத்து நிமிஷம்." சம்மதித்துவிட்டு, வாய் சும்மா இல்லாமல் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"கையை வைக்க விடாத. நான் வர்றேன்."

அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாங்க்குக்கு டயரும் கிடையாது, அலைன்மென்ட்டும் கிடையாது என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் அளவெடுக்காமல் எதையும் தொடாத மனிதர். சனிக்கிழமை மதியம் மஞ்சள் பையில் ரெண்டு ஸ்பானரும் ஒரு ஸ்கேலுமாக வந்து இறங்கினார்.

முதலில் நான்கு டயரிலும் காற்று சரிபார்த்தோம். பிறகு எஸ்டேட் பக்கம், சனிக்கிழமை கூட்டம் குறைந்த ஒரு சமமான ரோட்டுக்கு வண்டியை ஓட்டச் சொன்னார். நான்தான் ஓட்ட வேண்டும் என்றார். கை வியர்த்தது. ஒரே ரோட்டில் போகவும் வரவும் ஓட்டிப் பார்த்தோம். நம் ரோடுகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், எந்த வண்டியும் லேசாக இடது பக்கம் இழுக்கும். அதை நோய் என்று நினைத்துவிடக் கூடாதாம். எங்கள் வண்டி இரண்டு திசையிலும் ஒழுங்காக நேரே போனது. ஸ்டீயரிங் மட்டும்தான் கோணல். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அது வேறு வியாதி, டயரையோ பிரேக்கையோ பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். அடியில் இரண்டு ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் என்னைக் குனியவே விட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை நீட்டக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, உச்சியில் இன்சுலேஷன் டேப் ஒட்டினார். இடது கோடி வரை ஒன்றே முக்கால் சுற்று. வலது கோடி வரையும் அதே ஒன்றே முக்கால்.

"பாத்தியா, ஸ்டீயரிங் சரியாத்தான் மாட்டியிருக்கு. இதைப் போய் அந்தப் பையன் கழட்டியிருந்தான்னா?"

கழற்றியிருந்தால் பார்க்க நேராக இருந்திருக்கும். ஆனால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் சுற்றும். இன்டிகேட்டர் தானாக அணைவதும் முன்னே பின்னே ஆகும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங் என்றால் ஆபத்தே வேறு. அதற்குள் வெடித்து விரியும் மருந்து இருக்கிறது, வீட்டில் வைத்துக் கழற்றும் சமாச்சாரமே இல்லை.

அடுத்து டை ராட். ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி, பக்கத்துக்கு ஒன்று. அதன் முனையில் மரை இருக்கும். லாக் நட்டைத் தளர்த்திக் கம்பியைத் திருகினால் நீளம் கூடும், குறையும். அப்பாவுக்கு முட்டி மடங்காது. டார்ச்சோடு நான்தான் படுத்தேன். கம்பி வளைந்திருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஐந்து மாதமாக நான் பயந்தது அதற்குத்தான். இரண்டுமே நேராக இருந்தன.

"இப்ப நட்டுக்கு வெளிய தெரியுற மரையை எண்ணு."

"இடது பக்கம் 13. வலது பக்கம் 11."

"பளபளன்னு இருக்கா?"

இடது பக்கம் கடைசி இரண்டு மரை புத்தம் புதுசு போல மின்னியது. வலது பக்க நட்டோ துருவேறி, ஆண்டுக்கணக்காக யாரும் தொடாதது போல் இருந்தது.

அப்பா சிரித்துவிட்டார். அலைன்மென்ட் பார்த்தவர்களுக்கு வலது நட்டு இறுகிப்போய் அசையவில்லை. அதனால் இடது பக்கத்தை மட்டும் திருகி மொத்தக் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். மெஷினில் அளவு சரியாக வந்துவிடும், ஸ்டீயரிங் கோணிக்கொள்ளும்.

"பள்ளத்துல போனது ஒரு டயர்தாம்மா. இது உன்னால இல்ல."

மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது? துரு இளக்கும் ஸ்பிரே வாங்கி வந்து இரவெல்லாம் ஊற விட்டோம். ஞாயிறு காலை கணவரும் வந்து நின்றார். டை ராட் முனையை ஒரு ஸ்பானரில் பிடித்துக்கொண்டு, இன்னொன்றில் நட்டை அழுத்தினார். 'டிக்' என்று விட்டுக்கொடுத்தது. பழைய இடம் தெரிய, மகளின் நெயில் பாலிஷில் இரண்டு பக்கமும் கோடு போட்டேன். அப்பா சொன்ன கணக்கு இதுதான்: ஒரு பக்கம் எவ்வளவு உள்ளே போகிறதோ, மறு பக்கம் அதே அளவு வெளியே வர வேண்டும். அப்போதுதான் சக்கரங்களுக்கு இடையே உள்ள அளவு மாறாது. கம்பியோடு சேர்ந்து ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் கிளிப்பைத் தளர்த்திவிட்டு, இடது பக்கம் அரைச் சுற்று உள்ளே, வலது பக்கம் அரைச் சுற்று வெளியே. நட்டை இறுக்கி ஓட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தது. கோணல் கூடியிருந்தால் திசையை மாற்ற வேண்டியதுதான். இன்னும் கால் சுற்று. முள் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஸ்டீயரிங் திரும்பும் கோணத்தைச் சென்சார் வைத்துக் கணக்கிடும் புது வண்டிகளை, அதற்கான கருவி உள்ள இடத்தில் விடுவதே நல்லது. நாங்களும் திங்கட்கிழமை வேறொரு கடையில் மெஷினில் ஏற்றிப் பார்த்தோம், நட்டுகளின் இறுக்கத்தையும் சேர்த்து. அளவு எதுவும் மாறவில்லை. அந்தக் காகிதத்தைக் கணவர் மடித்து, டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாவியை என்னிடம் நீட்டினார்.

அப்பாவை ஆவடியில் இறக்கிவிட்டு, அதே பருத்திப்பட்டு ரோட்டில் பூந்தமல்லி வரை போய் வந்தேன். அந்தப் பள்ளத்தை மூடிவிட்டிருந்தார்கள். பத்தடி தள்ளிப் புதிதாக ஒன்று இருந்தது.