சிங்கப்பூர் அடுக்குமாடியில் ஆர்க்கிட்... தொட்டியில் களிமண் உருண்டை, அடியில் கொஞ்சம் தண்ணீர்!

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பகுதியின் பூக்கடைகளில் மல்லிகை, சாமந்தியோடு ஆர்க்கிட் பூவையும் சேர்த்து மாலை கட்டுகிறார்கள். பறித்த பிறகும் பல நாள் வாடாமல் இருப்பதால் கல்யாண மேடைக்கும் கோயிலுக்கும் இந்தப் பூவைக் கேட்டு வாங்குகிறார்கள். நம் ஊரில் மலைப்பிரதேசத்துப் பூவாகத் தெரியும் ஆர்க்கிட், அங்கே அடுக்குமாடி வீட்டு வாசலில் வைக்கும் சாதாரணத் தொட்டிச் செடி.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தீவு அது. ஆண்டு முழுவதும் மழை உண்டு. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கும். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழும் ஆர்க்கிட் வகைகளுக்கு ஏற்ற இடம். ஆனால், அதே ஈரமும் வெப்பமும் பூஞ்சணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம். அதனால் அங்கே ஆர்க்கிட் வளர்ப்பில் உரத்துக்கு முன்னால் சுத்தம் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பூமலையில் தொடங்கிய சுத்தம்

1859-ம் ஆண்டு உருவான தாவரவியல் பூங்காவைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘பூமலை’ என்பார்கள். 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம். இதற்குள் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கை ரகங்களும், அதைவிட அதிகமான ஒட்டு ரகங்களும் இருக்கின்றன. நாட்டின் தேசிய மலரும் ஆர்க்கிட்தான். ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் தோட்டத்தில் பூத்து, 1893-ல் உலகுக்கு அறிமுகமான ‘வாண்டா மிஸ் ஜோவாக்கிம்’ ரகம், 1981-ல் தேசிய மலரானது.

ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும். முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம்தான் அதற்கு உணவூட்டும். சர்க்கரையும் சத்துகளும் கலந்த ஊடகத்தில், கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் விதையை முளைக்க வைக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன் 1922-ல் வெளியிட்டார். அந்த முறையைப் பூமலையின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம் 1928-ல் கையில் எடுத்தார். அங்கே ஒட்டு ரகங்கள் பெருகியது அதன் பிறகுதான். குடுவைக்குள் ஒரே ஒரு பூஞ்சண வித்து புகுந்தாலும் அத்தனை நாற்றும் போய்விடும். ஆய்வகத்தில் அவ்வளவு பாதுகாப்பாக வளர்ந்த செடி, வீட்டுத் தொட்டியில் அழுகிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், அதைச் சுற்றியிருக்கும் ஊடகம்தான்.

மரப்பட்டைக்கு மாற்று

சிங்கப்பூரில் வெட்டவெளியில் வளரும் ஆர்க்கிட்டுகளுக்கு அடுப்புக்கரியும் செங்கல் துண்டும்தான் பழக்கமான ஊடகம். மழை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். ஆனால், மழை படாத வராந்தாவிலும், ஏ.சி ஓடும் அறையிலும் அது சீக்கிரமே காய்ந்துவிடும். மரப்பட்டை, தேங்காய் மட்டைத் துண்டு போன்றவை ஈரம் பிடிக்கும். ஆனால், அந்த வெப்பத்தில் விரைவில் மக்கி, காற்றோட்டம் போய், வேர் அழுகும்.

இந்த இடத்தில்தான் சுட்ட களிமண் உருண்டைகள் கைகொடுக்கின்றன. களிமண்ணைச் சுழலும் சூளையில் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுடும்போது, உள்ளே வாயு உருவாகிப் பொரி போல உப்பிவிடும். எடை குறைவு, உள்ளே நுண்துளைகள் நிறைய, மக்காது. இதை வைத்து ஆர்க்கிட் வளர்க்கும் ‘செமி ஹைட்ரோபோனிக்ஸ்’ முறையை 1990-களில் பிரபலப்படுத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரே பார்கலோ.

முறை எளிது. அடியில் துளை இல்லாத பிளாஸ்டிக் தொட்டியில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டில் இரண்டு சிறு துளைகள் போட வேண்டும். உருண்டைகளை நிரப்பிச் செடியை நட்டு, மேலிருந்து தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். துளை மட்டத்துக்கு மேலே உள்ள நீர் வெளியேறிவிடும். அடியில் நிற்கும் ஓர் அங்குலத் தண்ணீரை உருண்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உறிஞ்சிக் கொடுக்கும். உருண்டைகளுக்கு இடையே காற்றும் இருக்கும்.

புதிய வேர் முனை எட்டிப் பார்க்கும் நேரத்தில்தான் செடியை இதற்கு மாற்ற வேண்டும். காய்ந்த ஊடகத்தில் வளர்ந்த பழைய வேர்கள் இந்த ஈரத்தைத் தாங்காமல் அழுகலாம். புதிதாக வரும் வேர்கள் பழகிக்கொள்ளும். ஃபெலனாப்சிஸ் ரகம் இந்த முறைக்கு நன்றாக ஒத்துவரும். வேரைக் காற்றில் விட்டு வளரும் வாண்டாவுக்கு இது தேவையில்லை.

மக்காது... ஆனால், அழுக்காகும்!

உருண்டை மக்காது என்பதால், கவனிக்கவே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. புது உருண்டையில் செம்மண் தூசி நிறைய இருக்கும். தண்ணீர் தெளியும் வரை அலசி, ஒரு நாள் முழுக்க ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தூசி அடியில் சேறாகப் படியும்.

அடுத்தது உப்பு. நீர் ஆவியாக ஆவியாக, உரத்திலும் தண்ணீரிலும் உள்ள உப்பு மேல் உருண்டைகளில் வெள்ளையாகப் பூக்கும். இது வேர் முனையைக் கருக்கிவிடும். அதனால் நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் போகாமல் கொடுப்பது நல்லது. தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் பழைய நீர் வெளியேறும்படி மேலிருந்து ஊற்ற வேண்டும். மாதம் ஒரு முறை உரம் இல்லாத வெறும் நீரால் நன்றாக அலசிவிட வேண்டும். ஒளி ஊடுருவும் தொட்டியில் பாசி பிடிக்கும்; வெளியே ஓர் அலங்காரத் தொட்டி இருந்தால் குறையும்.

செடி மாற்றும்போது பழைய உருண்டைகளைத் திரும்பப் பயன்படுத்தலாம். முதலில் செத்த வேர்த் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து, தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் கிருமிநாசினி முழுதாக வேலை செய்யாது. பிறகு, ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, மணம் போகும் வரை பலமுறை நீர் மாற்றி அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். உப்புப் படிவம் கடினமாக இருந்தால் அதைக் கரைக்க வினிகர் உதவும். ஆனால், பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் உண்டாகும். வைரஸ் தாக்கிய செடியின் உருண்டைகளை, கழுவிக்கூட வேறு செடிக்குப் போடாமல் அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு.

கொசுவுக்கும் கணக்கு உண்டு

சிங்கப்பூரில் தேங்கிய தண்ணீர் சொந்த விஷயம் இல்லை. 2020-ல் மட்டும் அங்கே 35,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. கொசுப்புழு இருக்கிறதா என்று தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடுகளைச் சோதிக்கிறார்கள், இருந்தால் அபராதம். பூந்தொட்டித் தட்டில் நிற்கும் நீரைக் கொட்டுவது, வீடுதோறும் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று. ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரமே போதும்.

அடியில் நீர் நிற்கும் இந்தத் தொட்டிகளுக்கும் அது பொருந்தும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல், பக்கத் துளைகளில் நுண்ணிய வலையை ஒட்டி, வாரம் தவறாமல் நீரை முழுதாக மாற்றினால் கொசுவுக்கு இடமில்லை. வேருக்குச் செய்யும் அதே அலசல்தான் இதற்கும் உதவுகிறது. வாசலில் தொட்டிகளை அடுக்குவதற்கும் விதி உண்டு. தீ விபத்து நேரத்தில் மக்கள் வெளியேற, பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. உப்பு மிகுந்த போர்வெல் நீர் என்றால் வெள்ளைப் படிவம் சீக்கிரமே வந்துவிடும். மழைநீரைப் பிடித்துவைத்துப் பயன்படுத்துவது நல்லது. அதுவும் மூடிய டிரம்மில். இரண்டு மூன்று செடிகளில் தொடங்கி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். மண் சுமக்கும் வேலையும், மக்கிய ஊடகத்தை மாற்றும் செலவும் இந்த முறையில் மிச்சம். அதற்குப் பதிலாக இந்த உருண்டைகள் கேட்பது, வாரம் ஒரு முறை அலசிவிடும் ஐந்து நிமிடங்களை மட்டும்தான்.