கந்தளாய்க் குளமும் நால்வர் இசையும்

கொழும்பிலிருந்து தரை மார்க்கமாகத் திருக்கோணமலைக்குப் பிரயாணஞ் செய்வோர், அந்நகரை அடைய ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இருக்கையிலே கந்தளாயைக் காண்பர். பரந்து கிடக்கும் குளமே இவ்வூரின் முதற் பெருமை. குளக்கோட்டு மன்னன் அதனைக் கட்டினான் என்பது தமிழர் மரபு; 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாண்ட இரண்டாம் அக்கபோதியின் திருப்பணி என்பாரும் உளர். 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆந் திகதி அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பின்னர் மீண்டும் கட்டப்பெற்ற அணை தேக்கும் நீரே இன்று சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தார் வயல்களிலும் பாய்கின்றது.

நீரைப் பகிர்ந்துகொள்ளும் இம்மக்கள், நீண்ட போரின் துயரத்தையும் பகிர்ந்துகொண்டவர்கள். இவர்கள் ஒருங்கே அமர்ந்து கேட்கத்தக்க இசை யாது? பாட்டென்றால் மொழி குறுக்கே நிற்கும். வாத்திய இசைக்கு அத்தடை இல்லை.

தற்காலத்து மேனாட்டுச் செவ்வியல் இசை, தலைநகர் மண்டபங்களில் ஆங்கிலங் கற்றோர்க்கு மட்டுமே உரியதென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஆயின் அவ்விசையின் சரித்திரத்திலே இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ ஆகிய நான்கு வாத்தியங்கள் சேர்ந்தது நால்வர் குழு. 1974இல் இங்கிலாந்தில் தோன்றிய ஆர்டிட்டி நால்வர் குழு, புதிய இசையை உலகெங்கும் கொண்டு சென்றது. அக்குழுவிற் செலோ வாசித்து, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பணிபுரிந்து 2005இல் விலகியவர் ரோகன் டி சேரம். 1939இல் இலங்கைப் பெற்றோர்க்கு மகனாக இங்கிலாந்திற் பிறந்த இவர், கண்டி மேளமும் பயின்றவர், 2024இல் காலமானார். இத்தாலிய இசைமேதை லூசியானோ பெரியோ, 2002இல் இவருக்கெனவே செலோவுக்கு ஒரு தனி உருப்படி இயற்றினார். அதில் வில்லால் இழைப்பதோடு, வாத்தியத்தின் மரவுடலை விரல்களால் தட்டிக் கண்டி மேளத்தின் தாளக்கட்டையும் எழுப்புதல் வேண்டும். நமது கிராமத்து முழவோசை, ஐரோப்பிய மேடைகளில் அவ்வாறு புத்துருவம் பெற்றது.

தமிழகத்திலும் இதற்கோர் உதாரணம் உண்டு. வயலின் வித்துவான் வி. எஸ். நரசிம்மன் 1993இல் நிறுவிய சென்னை நால்வர் குழு, கர்நாடகக் கீர்த்தனைகளை இந்நான்கு வாத்தியங்களுக்கும் அமைத்து வாசித்தது. இராகம் தன் இயல்பு குன்றாது நிற்க, அதனைச் சூழ்ந்து மேனாட்டுச் சுரக்கோவைகள் ஒலித்தன. மேனாட்டு இசை அறியாதார்க்கும் பழகிய கீர்த்தனை வழிகாட்டிற்று. கீர்த்தனை அறியாதார்க்கு அந்நால்வர் அமைப்பே வழிகாட்டிற்று.

இத்தகைய குழுவை அழைப்பதற்குப் பெரிய அரங்கம் வேண்டுவதில்லை. நால்வரும் வாத்தியங்களும் ஒரு சிறு வாகனத்தில் அடங்குவர். நான்கு நாற்காலிகளும் அமைதியான ஒரு பாடசாலை மண்டபமும் போதும், ஒலிபெருக்கியும் வேண்டா. வாசிக்குமுன் ஒவ்வொரு வாத்தியத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் சில வார்த்தைகளால் அறிமுகஞ் செய்தல் மட்டும் இன்றியமையாதது. புதுமையான ஓசையைக் கேட்டு மாணவர் முதலில் நகைக்கவுங் கூடும், அதனாற் குறையில்லை. கண்டி மேளம் பழகும் சிறுவனும், கோயில் தவிலோசையில் வளர்ந்த சிறுமியும், றபான் தாளம் அறிந்த பிள்ளையும் தாம் அறிந்த ஒன்றை அதிலே இனங்கண்டு செவிசாய்ப்பாராயின், அதுவே பெரும் பயன்.

மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற கலாநிலையங்களும், கொழும்பு இசையன்பர்களும் இதனைச் சிந்தித்தல் நன்று. கந்தளாயில் நீரைத் தேக்கிய முன்னோர், அத்துடன் நில்லாது வயல்தோறும் அது சென்றடைய வாய்க்காலும் வெட்டினர் அல்லரோ?