ஏழாவது வளைவில் ஏறிய முள்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

சித்திரை முதல் நாள். அம்மாவை ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகக் கிளம்பினேன். சேலத்திலிருந்து அடிவாரம் வரை வெப்பமானியின் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. ஏழாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது விறுவிறுவென்று எச் எழுத்துக்கு ஏறிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். பானட் இடுக்கிலிருந்து ஆவி.

பின்னால் வந்த டெம்போக்காரர் பாட்டிலோடு ஓடிவந்தார். "மூடியத் தொறந்து தண்ணிய ஊத்துங்க சார், ஆறிடும்." நல்ல மனசு. ஆனால் மூடியில் கை வைக்க நான் விடவில்லை. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீர் திடீரென்று உள்ளே போனால் சூடேறிய அலுமினிய ஹெட் விரிசல் விடவும் கூடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். நன்றாக ஆறிய பிறகு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் குடித்தது வண்டி. மேலே போகத் துணிச்சல் வரவில்லை, சேலத்துக்கே இறங்கினோம். அக்காவிடம் போனில் பேசியபோது அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

வண்டி 1998ஆம் வருட மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் இன்ஜின். பிப்ரவரியில் நாற்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கினேன். "ஒரு செலவும் இல்லைங்க" என்றுதான் விற்றவர் சொன்னார்.

விடிந்ததும், இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கூலன்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. டீ வடிகட்டிய நிறத்தில் துருத் தண்ணீர். பயந்தது ஹெட் கேஸ்கட்டுக்குத்தான். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் கறுத்திருந்ததே தவிர பால் கலந்ததுபோல் வெளுக்கவில்லை. மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தேன். கேஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். முதலில் நாலைந்து குமிழி வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. புகையிலும் வெண்மை இல்லை. பெரிய ஆறுதல்.

அடுத்து, எப்போது சூடாகிறது என்று யோசித்தேன். ஸ்பேனரை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. சேலம் ஐந்து ரோடு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபோதும் முள் அசையவில்லை. நின்றால் சூடாகி ஓடினால் ஆறும் வண்டிக்கு விசிறியில் கோளாறு. ஓடும்போது, அதுவும் பாரம் இழுத்து மேடு ஏறும்போது சூடானால் தண்ணீர் ஓட்டத்திலோ ரேடியேட்டரிலோ கோளாறு. என் வண்டி இரண்டாம் ரகம்.

விசிறியைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சாவியைத் திருப்பியதுமே அது சுற்ற ஆரம்பிக்கிறது. சூடு ஒரு அளவுக்கு வந்த பிறகு தெர்மோ சுவிட்ச் சொல்லித்தான் அது சுற்ற வேண்டும். யாரோ சுவிட்சை விட்டுவிட்டு ஒரு சிவப்பு ஒயரை நேராக இழுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

தெரு முனை மெக்கானிக் தம்பி தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றினார். உள்ளே வால்வே இல்லை. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்? எல்லா வண்டியிலயும் எடுத்துருவோம்" என்றார். இந்த நம்பிக்கை தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, இது தவறு. வெயில் நாற்பது டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு வேண்டிய சூடு எண்பதுக்கு மேல். வால்வு இல்லாவிட்டால் சமவெளியில் இன்ஜின் சூடேறாமலே ஓடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். அடிவாரம் வரை முள் பாதியைத் தொடாத காரணம் இப்போது புரிந்தது. அந்தத் தாழ்ந்த முள்ளைப் பார்த்து, வண்டி நன்றாக இருக்கிறது என்று இரண்டு மாதம் நான் நம்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 17, புதன்

ரேடியேட்டர் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே 0.9 என்று அச்சு. அடியில் ரப்பர் வளையம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. 0.9 பார் அழுத்தத்தை அது பிடித்து வைத்தால் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் 100லேயே கொதிக்கும். மேலே ஏற ஏற அதுவும் குறையும். ஏற்காடு இருக்கும் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

புது மூடி போட்டு அடிவாரம் தாண்டி நாலு வளைவு ஏறிப் பார்த்தேன். ஆவி இல்லை. முள் மட்டும் ஏறத்தான் செய்தது. இறங்கி வந்து, இன்ஜினை அணைத்து விசிறி நின்ற பிறகு, ரேடியேட்டரின் தகடுகளை விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் கை வைக்க முடியாத சூடு. மறு ஓரம், கால் பங்குக்கு மேல், வெதுவெதுப்புகூட இல்லை. அங்கே தண்ணீரே ஓடவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போடும் நாள். கடைகள் இல்லை. அம்மாவைச் சாவடிக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

ஏப்ரல் 20, சனி

ரேடியேட்டர் கடை பாய்க்கு அறுபது வயதுக்கு மேல். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றதும் முகம் மலர்ந்தது. "இதுன்னா பிரிச்சு வேல பாக்கலாம் தம்பி. பிளாஸ்டிக் டேங்குன்னா மாத்த வேண்டியதுதான்."

கேஸ் விளக்கின் நீல நாக்கை டேங்க் விளிம்பில் ஓட்டினார். ஈயம் உருகிப் பாதரசம்போல் உருண்டது. டேங்க்கைத் தட்டி எடுத்ததும் குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரிந்தன. நான் குனிந்து பார்த்தேன். நெல்மணி நீளத்துக்குக்கூட இல்லாத சந்துகள். பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடைத்து வெள்ளையாக இருந்தன. வருடக்கணக்கில் வெந்நீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே உப்பு. பாய் மெல்லிய எஃகுப் பட்டையை ஒவ்வொரு சந்தாக விட்டு இழுத்தார். வெள்ளைப் பொடி, துருவோடு சேர்ந்து, செய்தித்தாளில் குவிந்தது.

"போர் தண்ணிதான ஊத்துனாங்க?"

"நான் வாங்குனதே பிப்ரவரியிலதான் பாய்."

"அதுக்கு முன்னாடி ஊத்திருக்காங்க. பத்து வருசத்து உப்பு இது."

அப்போது எல்லாம் கோர்வையாக வந்தது. போர் தண்ணீரில் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. வண்டி சூடாகியிருக்கிறது. ஒருவர் வால்வைக் கழற்றியிருக்கிறார். மறுபடி சூடாகியிருக்கிறது. இன்னொருவர் விசிறியை நேரடியாக இணைத்திருக்கிறார். அடைப்பு அப்படியே இருக்க, முள் மட்டும் சமவெளியில் இறங்கியிருக்கிறது. விற்றவர் பொய் சொன்னார் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் அந்த முள்தான் தெரிந்திருக்கும். கழற்றிய கைகள்மீதுதான் என் வருத்தம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

புது தெர்மோஸ்டாட்டைப் பூட்டும் முன் சோதித்தேன். பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றினேன். "இது என்னடா கண்ணு கொழம்பு?" என்று அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். தெர்மோஸ்டாட்டில் பொறித்திருந்த எண் 82. அதைத் தாண்டியதும் வால்வு தாமரை மொட்டு மாதிரி மெல்ல விலகியது. அடுப்பை அணைத்து ஆறவிட்டதும் தானே மூடிக்கொண்டது. அம்மா இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.

தெர்மோ சுவிட்சும் செத்திருந்தது, மாற்றியாயிற்று. சிவப்பு ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கம்பெனி இணைப்பையே திரும்பக் கொடுத்தோம். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. ஹீட்டரை முழுக்கத் திறந்து, மூடியில்லாமல் ஓடவிட்டோம். வால்வு திறந்ததும் உள்ளிருந்த காற்று வெளியேறி மட்டம் கிடுகிடுவென்று இறங்கியது, மீண்டும் நிரப்பினோம். கீழே சிந்திய கூலன்டை உடனே கழுவிவிட்டேன். அது இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நாள். அம்மா முன் சீட்டில். ஏழாவது வளைவில் இருவருமே முள்ளைப் பார்த்தோம். பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. இருபதாவது வளைவிலும் அங்கேயேதான். ஏரிக்கரையில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டேன். சிறிது நேரத்தில் விசிறி தானாகச் சுற்றி, ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றது. அக்கா வாசலிலேயே காத்திருந்தாள்.

மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் செலவு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். ஓட்டிப் பார்க்கும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதுமே விசிறி சுற்றினால், ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.